ஐம்பத்து மூன்றாவது குழி

"அம்மா, சுவர்ல இடம் இருக்கு. ஆனா என் கால்தான் ஓயுது," என்றார் அம்பலத்தாடி.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் ஓயுது?"

"இடது பக்கம். அங்கதான் எல்லாம் நெருக்கியடிச்சுக் கெடக்கு. வலது பக்கம் காத்தாடுது."

கணவாயின் அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். கணவாயைத் தாண்டினால் வழி மூன்றாகப் பிரியும். மேல்பாதை, நடுப்பாதை, ஆற்றுப்பாதை. ஒன்றில் இறங்கியவர் இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் திரும்பக் கணவாய்க்கே ஏறி வரவேண்டும்.

அதனால் முன்னே போகிறவர்கள், பின்னே வருகிறவர்களுக்கு மடத்தில் ஓலை எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். இந்தப் பாதையில் வா. இன்ன ஊரில் இருப்பேன்.

மழையில் நனையாமலிருக்க ஓலையை ஒரு மூங்கில் குழலில் போட்டு மூடுவார்கள். யாருக்கு வந்தது என்பதைக் குழலின் மேல் கீறுவார்கள். பெயர், ஊர்.

முன்பெல்லாம் குழல்கள் ஒரு பெரிய கூடையில் கிடந்தன. யாராவது கேட்டு வந்தால் கூடைக்குள் கைவிட்டுத் தேடுவார்கள். அகப்பட்டால் அகப்பட்டது.

அம்பலத்தாடி கொத்தனார். பல வருடங்களுக்கு முன் அவர் மனைவி உறவுக்காரர்களோடு முன்னே போனாள். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு அவர் பின்னால் வந்தார். கூடையில் தேடினார்கள். இல்லை என்றார்கள். நடுப்பாதையில் இறங்கினார்.

இரண்டு வருடம் அலைந்துவிட்டுத் திரும்பி வந்தபோது குழல் கூடையின் அடியில் இருந்தது. ஆற்றுப்பாதை என்று எழுதியிருந்தது. ஓலையை எடுத்துக்கொண்டு, குழலை வீசிவிட்டு, ஓடினார்.

அவள் முந்தின கோடையில் இறந்துபோயிருந்தாள்.

அவர் மறுபடி கணவாய் ஏறி மடத்துக்கு வந்தார். அப்போது உலகம்மை மடத்தின் தலைவியாகியிருந்தார். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"உங்களுக்கு யார் இருக்காங்க, ஐயா?" என்று கேட்டார் உலகம்மை.

"யாருமில்ல."

"இங்க என்ன வேணும்?"

"இந்தக் கூடைய ஒழிக்கணும்."

அப்படிக் கட்டியதுதான் அந்தச் சுவர். பத்துக்குப் பத்து, நூறு குழி. ஒரு குழியில் ஒரு குழல்தான் நுழையும்.

எழுத்துக்கு ஓர் எண் வைத்துக்கொண்டார். பெயரில் உள்ள எழுத்துகளின் எண்ணைக் கூட்டி, நூறு நூறாகக் கழித்து, மிஞ்சிய எண்ணுள்ள குழியில் குழலை வைத்தார். கேட்டு வருகிறவர் பெயரைச் சொன்னால் போதும். அதே கூட்டல், அதே குழி.

ஆனால் இரண்டு பெயர்களுக்கு ஒரே எண் வந்தது. முதல் குழல் இருந்த குழிக்கு இரண்டாவதும் வந்து நின்றது. அவர் அதைப் பக்கத்துக் குழியில் வைத்தார். பக்கத்துக் குழியும் நிறைந்திருந்தால் அதற்கடுத்தது. தேடும்போதும் அப்படியே ஒவ்வொன்றாகப் போவார். வெறுங்குழி வந்தால் நிற்பார். அதற்கு மேல் இருக்க வழியில்லை.

ஒரு வருடத்தில் சுவரின் இடது பக்கம் தேன்கூடு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெயரைத் தேட இருபது குழி நடக்க வேண்டியிருந்தது.

உலகம்மை கீரையை ஒதுக்கி வைத்தார்.

"இன்னைக்குப் பந்தியில உங்க இடத்துல உட்காராதீங்க. பக்கத்து இலையில உட்காருங்க," என்றார்.

மடத்துப் பந்தியில் அவரவருக்கு வழக்கமான இடம் உண்டு. அம்பலத்தாடி பக்கத்து இலையில் உட்கார்ந்தார். அந்த இலைக்காரர் வந்தார், பார்த்தார், அதற்கடுத்த இலையில் உட்கார்ந்தார். அந்த இலைக்காரர் அடுத்ததில். வரிசை முழுதும் நகர்ந்தது.

கடைசியில் சாப்பிட வந்த சமையல்காரர் சங்கிலிக்கு இடமில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இன்றைக்குத் தன் இலையை விழுங்கினது யார் என்று எல்லோரையும் விசாரித்தார்.

அம்பலத்தாடி சங்கிலியைப் பார்த்தார். காலியாகக் கிடந்த தன் வழக்கமான இலையைப் பார்த்தார். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து சுவருக்குப் போனார்.

அன்றிலிருந்து குழி நிறைந்திருந்தால் பக்கத்தில் வைக்காமல் ஏழு குழி தள்ளி வைத்தார்.

*

சில மாதம் கழித்து மறுபடி வந்தார்.

நெரிசல் குறைந்துவிட்டது என்றார். ஆனால் ஒரே குழிக்கு வந்த ஐந்து பெயர்களும் அங்கிருந்து ஒரே தடத்தில்தான் போகின்றன. ஏழு, இன்னொரு ஏழு, இன்னொரு ஏழு. ஐந்தாவது பெயரைத் தேடினால் முன்னால் போன நான்கு பேரின் வாசலிலும் நின்றுவிட்டுத்தான் போகவேண்டியிருக்கிறது.

"உங்க பேரென்ன?" என்றார் உலகம்மை.

அவர் சிரித்தார். "அம்பலத்தாடி."

உலகம்மை அசையவில்லை. இன்னும் எதற்கோ காத்திருப்பவர்போல இருந்தார்.

"பேரச் சொல்லிட்டேனே அம்மா."

"போன மாசம் ஒரு அம்பலத்தாடி வந்தார். தேங்காய் வியாபாரி. நீங்க எந்த அம்பலத்தாடி?"

"செங்காட்டு அம்…"

பாதியில் நிறுத்தினார். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெயர், முதல் குழியைச் சொல்லும். அது நிறைந்திருந்தால், எத்தனை குழி தாண்ட வேண்டும் என்பதை ஊர் சொல்லும். ஒரே குழிக்கு வந்தவர்கள் அங்கிருந்து தங்கள் தங்கள் ஊர்க் கணக்கில் பிரிந்து போனார்கள்.

ஒரு ஊர் மட்டும் அவரை ஒரு பகல் முழுக்க அலைக்கழித்தது. அதன் எண் ஐம்பது. பன்னிரண்டாவது குழியிலிருந்து ஐம்பது தாண்டினால் அறுபத்திரண்டு. அங்கிருந்து ஐம்பது தாண்டினால், நூறு முடிந்து ஒன்றிலிருந்து எண்ணி, மறுபடி பன்னிரண்டு. சுவரில் எழுபது குழி காலியாக இருந்தும் அந்தக் குழலுக்கு இடம் கிடைக்கவில்லை.

இதற்கு அவர் யாரிடமும் போகவில்லை. செங்கல் அடுக்கும்போது கீழ் வரிசை இணைப்புக்கு நேர்மேலே மேல் வரிசை இணைப்பு வரக்கூடாது. அப்படி வந்தால் பாதிக்கல் ஒன்றை ஓரத்தில் வைத்து வரிசையைத் தள்ளுவார்கள். அது நினைவுக்கு வந்தது. சுண்ணாம்பு குழைத்து மேல் வரிசையில் மூன்று குழிகளை அடைத்தார்.

தொண்ணூற்றேழு. ஒன்றைத் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதமின்றிப் பங்கு போட முடியாத எண். இனி எந்த ஊர்க்காரர் எத்தனை தாண்டினாலும், எல்லாக் குழியையும் தொடாமல் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முடியாது.

எல்லாக் குழல்களையும் இறக்கிப் புதிய கணக்கில் மறுபடி வைத்தார்.

*

அதன்பின் சுவர் அவர் சொன்னபடி கேட்டது.

வருகிறவர் பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை குழிக்குள் இருக்கும். ஒரு தாண்டல், இரண்டு தாண்டல், அதிகம் போனால் மூன்று. குழலை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார். மோர் ஊற்றி வைத்துவிட்டு வருவதற்குள் ஆட்களை அனுப்பிவிடுகிறார், மடத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச ஆளில்லை என்று சங்கிலி குறைப்பட்டுக்கொண்டார்.

"கண்டுபிடிக்கிறது பெருசில்ல அம்மா," என்றார் அம்பலத்தாடி ஒருநாள் உலகம்மையிடம். "ஒண்ணு இல்லேன்னா, இல்லேன்னு சொல்லணும் பாருங்க. கூடையில அதச் சொல்லவே முடியாது. அடி வரைக்கும் துழாவினாலும் சந்தேகம்தான். இப்ப வெறுங்குழி வந்ததும் சொல்லிடலாம். அடிச்சுச் சொல்லலாம்."

உலகம்மை அவரை வெகுநேரம் பார்த்தார்.

"அடிச்சுச் சொல்லலாமா?"

"சொல்லலாம்."



*

ஆடி மாதத்தில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் இருளாயி, ஊர் மணல்குடி. வெள்ளம் வீட்டைக் கொண்டுபோய்விட்டது என்றாள். அக்கா முன்னாடி போயிருக்கிறாள், தனக்கு இனி அவள் ஒருத்திதான் என்றாள்.

இருளாயி, முப்பத்தொன்று. அந்தக் குழியில் வேறொருவர் குழல் இருந்தது.

மணல்குடி, இருபத்திரண்டு. முப்பத்தொன்றிலிருந்து இருபத்திரண்டு தாண்டி ஐம்பத்து மூன்று.

ஐம்பத்து மூன்றாவது குழி வெறுமையாக இருந்தது.

"இல்லம்மா."

"இன்னொரு தரம் பாருங்களேன்."

"பார்க்கத் தேவையில்ல. இருந்தா இங்க இருந்திருக்கும்."

"அக்கா எழுதி வைக்காமப் போகமாட்டா. அவளுக்கு எழுதத் தெரியாது, ஆனா யாரையாச்சும் புடிச்சு எழுத வெச்சிருப்பா."

அவர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். எழுத்துக்கு எண் இருப்பதை, ஊருக்கு ஒரு தாண்டல் இருப்பதை, வெறுங்குழி வந்தால் அதற்கப்பால் எதுவும் இருக்க முடியாது என்பதை. அவள் தலையாட்டினாள். அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் மாதிரி இருந்தது.

"உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க உண்டா?" என்று கேட்டாள்.

"எனக்கு யாருமில்ல."

பெரும்பாலும் எல்லோரும் எந்தப் பாதையில் போகிறார்கள் என்று கேட்டாள். நடுப்பாதை என்றார். சங்கிலி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை வாங்கிக்கொண்டு போனாள். கணவாய் வளைவில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தாள். அவரை அல்ல, சுவரை.

*

அவள் போன பதினோராம் நாள் அவர் சுவருக்கு வெள்ளையடித்தார். ஒரு குழலை எடுப்பார், குழிக்குள் மட்டையை விட்டுப் பூசுவார், குழலைத் திரும்ப வைப்பார்.

ஒரு குழலை எடுத்துப் பூசிவிட்டுத் திரும்பினார். கையிலிருந்த குழலில் கீறியிருந்த பெயரைப் படித்தார். பழக்க தோஷத்தில் கால் முதல் குழிக்குப் போயிற்று. அது நிறைந்திருந்தது. இருபத்திரண்டு தாண்டினார். அது வெறுமையாக இருந்தது. குழலை அதில் செருகினார்.

செருகிவிட்டு நின்றார்.

ஈரமாக இருந்த குழி அதுவல்ல. ஈரமாக இருந்தது எழுபத்தைந்தாவது குழி.

குழலை வெளியே எடுத்து மறுபடி படித்தார். இருளாயி, மணல்குடி.

அக்கா ஓலை கொடுத்த நாளில் முப்பத்தொன்றும் நிறைந்திருந்தது, ஐம்பத்து மூன்றும் நிறைந்திருந்தது. அவரேதான் எழுபத்தைந்தில் வைத்தார். பிறகு ஒருநாள் ஐம்பத்து மூன்றாவது குழியின் ஆள் வந்து, தன் குழலை வாங்கிக்கொண்டு போனார். அவரேதான் எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலைக்குள் சுவர் முழுவதையும் பார்த்துவிட்டார். அப்படி வெறுங்குழிக்கு அப்பால் ஒன்பது குழல்கள் இருந்தன. அவற்றில் யார் யாருக்கு இல்லை என்று சொன்னோம் என்பது நினைவில்லை. ஒருத்தியை மட்டும் நினைவிருந்தது.

*

உலகம்மை தடுக்கவில்லை. குழலை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்பலத்தாடி கணவாய் ஏறினார்.

பிறர் ஓலையைப் பிரிப்பதில்லை என்பது மடத்து வழக்கம். அதனால் அக்கா எந்தப் பாதையில் போனாள் என்பது அவருக்குத் தெரியாது. தங்கை போன பாதை மட்டும் தெரியும். அவர் சொல்லி அனுப்பிய பாதை.

நாற்பது நாள் கழித்துத் திரும்பினார். குழல் இடுப்பிலேயே இருந்தது.

மூன்று ஊர்களில் அவளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். நான்காவது ஊரில் யாரும் பார்க்கவில்லை.

அவர் தண்ணீர் குடிக்கவில்லை. கருவிகள் வைத்திருந்த மூலைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தார்.

"ஐயா," என்றார் உலகம்மை.

"கூடையாவது பரவாயில்ல அம்மா. கூடைக்காரன் இல்லேன்னு சொன்னா, ஒருவேளை இருக்கும்னு ஒரு நெனப்பு இருக்கும். நான் அதையும் இல்லாம பண்ணிட்டேன். அவ இன்னொரு தரம் பாருங்கன்னா. நான் பார்க்கல."

"உட்காருங்க."

"இதோட எப்படிப் பொழங்குறது?"

உலகம்மை தன் அறைக்குள் போனார். வரும்போது அவர் கையில் ஒரு பழைய குழல் இருந்தது. மூடி இல்லை. ஒரு பக்கம் பூச்சி அரித்திருந்தது.

அதில் அம்பலத்தாடி, செங்காடு என்று கீறியிருந்தது.

"அன்னைக்கு நீங்க வீசிட்டுப் போனது," என்றார் உலகம்மை. "மொத மொத நீங்க வந்தப்ப கூடையில கைவிட்டுப் பார்த்தது நான்தான், ஐயா. பின்னால ஆறேழு பேர் நின்னாங்க. அடி வரைக்கும் பார்க்கல. இல்லேன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்."

உலகம்மை நிமிர்ந்தார். "எப்போதுலேர்ந்து?"

"இங்க தங்க வந்த நாள்லேர்ந்து. உங்க குரல மறப்பேனா."

"ஒரு நாளும் சொல்லலியே."

"நீங்களும் சொல்லல."

சங்கிலி மோர்ச் செம்போடு வந்தவர், இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, செம்பைத் தரையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

உலகம்மை எழுந்தார். சுவரருகே போய், அந்தக் காலிக் குழலை ஐம்பத்து மூன்றாவது குழியில் செருகினார்.

பிறகு இருளாயியின் குழலை அவர் இடுப்பிலிருந்து கேட்டு வாங்கி, எழுபத்தைந்தாவது குழியில் வைத்தார்.

"தேடுங்க," என்றார்.

அம்பலத்தாடி எழுந்தார். முப்பத்தொன்றில் கைவைத்தார். வேறு பெயர். இருபத்திரண்டு தாண்டினார். கை ஒரு குழலில் பட்டது. உருவினார். உள்ளே எதுவும் இல்லை.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதைத் திரும்பச் செருகினார். கால் தானாக அடுத்த இருபத்திரண்டைத் தாண்டியது.

எழுபத்தைந்தில் இருந்த குழலை உருவிப் பெயரைப் படித்தார்.

கடப்பாரையை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

*

அதன்பின் கேட்டு வருகிறவருக்கு ஓலையை மட்டும் எடுத்துக் கொடுத்தார். குழலை இருந்த குழியிலேயே விட்டுவைத்தார். புதிதாக ஓலை வந்தால் பழைய பெயரைச் சுரண்டிவிட்டு அதிலேயே போட்டார். ஐம்பத்து மூன்றாவது குழலில் மட்டும் பெயரைச் சுரண்டவில்லை, ஓலையும் போடவில்லை.

தேடுவதற்கு முன்னைவிடச் சற்று நேரமானது. சங்கிலிக்குப் பேச ஆள் கிடைத்தது.

இருளாயி வரவில்லை. அக்காவும் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் வெள்ளையடிக்கும்போது எழுபத்தைந்தாவது குழலை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, தன் மகனின் ஓலையைக் கேட்டு ஒரு கிழவர் வந்தார். கண் நன்றாகத் தெரிகிற கிழவர். அம்பலத்தாடி குழி குழியாகப் போகும்போது தோளுக்குப் பின்னாலேயே வந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தார்.

ஐம்பத்து மூன்றில் கை நின்றது.

"அம்பலத்தாடி, செங்காடு," என்று படித்தார் கிழவர். "காலியா இருக்கே. ஆள் வந்து வாங்கிட்டுப் போயாச்சா?"

"போயாச்சு."

"யாரு அது?"

"நான்தான்."

கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வழிப்போக்கர்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"உங்களுக்கு யாரு இருக்காங்க?"

அம்பலத்தாடியின் விரல் குழலின் மேல் இருந்தது.

"பூரணின்னு பொஞ்சாதி ஒருத்தி இருந்தா," என்றார்.